டெல்ஃப்ட் என்று எழுதியவள்

நெதர்லாந்தின் கௌடா நகரத்தில் எங்கள் மண்பாண்டப் பட்டறையில் அலெய்டாவுக்கு ஒரே வேலைதான். தட்டோ ஜாடியோ எது வந்தாலும் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ‘டெல்ஃப்ட் நீலம், கையால் வரைந்தது’ என்று எழுதுவாள். எழுதும்போது சாயம் கருப்பாகத்தான் இருக்கும். சூளைக்குப் போய் வந்தால் நீலம். அடுத்த மேசையில் காற்றாலை வரைந்துகொண்டிருந்தவள் நான்.

நான்கு வருடம் அப்படி எழுதியும், நீலப் பாண்டங்களுக்குப் பேர்போன அந்த டெல்ஃப்ட் ஊரை அவள் பார்த்ததில்லை. ஒருமுறை முதலாளி ஸ்னெல்லிடம், நம் ஊர்ப் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டாள்.

“கௌடா சீஸெல்லாம் கௌடாவுலயா செய்யறாங்க? அது ஊர் பேரு இல்லம்மா, சரக்கோட பேரு” என்றார் அவர். அவள் அடுத்த தட்டைக் கவிழ்த்தாள்.

1964இல் க்ரைனைக் கட்டிக்கொண்டாள். சீஸ் கிடங்கில் சுமை தூக்குபவன். சொந்த ஊர் டெல்ஃப்ட். அவனுடைய அக்கா மாக்டா அங்கேயே இருந்தாள். நாத்தனாருக்கு இவள் வேலை தெரிந்ததிலிருந்து குத்தல்தான். அசல் எங்கள் ஊரில், நகல் உங்கள் ஊரில் என்பாள். அலெய்டா சிரித்துவிட்டு வந்துவிடுவாள்.

மாக்டாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சொந்தமெல்லாம் கூடியது. வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். கணவர் பரிசளித்த ஜாடியை மாக்டா கைக்குக் கை சுற்றவிட்டாள்.

“சந்தைச் சதுக்கத்துக் கடையில வாங்கினது. கோடு எப்பிடி விழுந்திருக்கு பாரு அலெய்டா. உங்க பட்டறையில இப்பிடி வருமா?”

அலெய்டா பழக்கதோஷத்தில் ஜாடியைக் கவிழ்த்தாள். அவளுடைய கையெழுத்து. ‘ஃப்’ எழுத்தின் வாலை அவள் மட்டும்தான் அப்படி இழுப்பாள்.

பேசாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். ஆனால் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

“வரும் அண்ணி. இது நான் எழுதினதுதான்.”

யாரும் நம்பவில்லை. மாக்டா ஒரு பென்சிலைக் கொண்டுவந்து, எழுதிக் காட்டு என்றாள். கேக் வந்த அட்டைப்பெட்டியின் மேல் அலெய்டா எழுதினாள். மாக்டாவின் கணவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். க்ரைனுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு வருடம் அக்கா அவனோடு பேசாததற்கு அந்தச் சிரிப்புதான் காரணம். அலெய்டாமேல் அவளுக்குக் கோபமே இல்லை.

திங்கட்கிழமை அலெய்டா நேராக முதலாளியிடம் போய், இனி அந்தப் பெயரை எழுத மாட்டேன், படம் வரையும் வேலை கொடுங்கள் என்றாள். அவர் மறுக்கவில்லை. என் மேசையிலேயே உட்காரவைத்தார். எழுத்தில் அவ்வளவு அழகாக ஓடிய கை, படத்தில் ஓடவில்லை. அவளுடைய காற்றாலைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மாடுகளைப் பார்த்தால் நாய்கள் மாதிரி இருந்தன.

மூன்று மாதம் கழித்து அவளே எழுந்து பழைய மேசைக்குப் போனாள். வருத்தமா என்று கேட்டேன்.

“வருத்தம் என்ன? எனக்கு வர்றது எழுத்துதான். பொய்யா இருந்தாலும் என்னை மாதிரி எழுத இங்க ஆளில்ல” என்றாள்.

ஓய்வு பெறும்வரை அதையேதான் எழுதினாள்.