காலி செய்யும் நேரம் காலை 10 மணி

செய்தி வந்தபோது நான் சந்தைக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பல்பு வாங்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பல்பு. கடைக்காரர் அதை மாட்டி எரியவிட்டுக் காட்டினார். அப்போதுதான் போன் அடித்தது. எதிர்வீட்டு சாந்தி பேசினாள். "மாதம்மா, டீச்சர் சேர்ல உக்காந்தவாக்குலயே இருக்காங்க. கூப்புட்டா பேச மாட்டேங்கறாங்க. சீக்கிரம் வா."

நான் சரி என்றேன். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. இதைவிட வெளிச்சம் கம்மியானது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கண்ணில் குத்தாத பல்பாகப் பார்த்து வாங்கி வா என்று அண்ணி சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் இருக்கலாம். வேறு பல்பு எடுத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டுதான் ஆட்டோ ஏறினேன்.

அண்ணியின் படத்திறப்பு அன்று ஊர்க்காரர்கள் நீங்கள் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், வாய் வரவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கு அவர்கள் சத்துணவு டீச்சர் ருக்மணி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டே வயதானவர்கள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர்கள். எனக்கு அவர்கள் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எனக்குத் தாய்வீட்டில் யாரும் இல்லை. ஒரு பையோடு அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றேன். பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி சொல்லவிடவில்லை. "யாரு, எதுக்கு வந்தீங்க, எத்தினி நாளுன்னு கேக்கறது போலீஸ் ஸ்டேசன்ல. வூட்ல பாய்தான் போடணும்" என்றார்கள். பாய் போட்டார்கள். படுத்தேன். அந்தப் பத்து நாள் எப்போது முடிந்தது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

ரிட்டயர் ஆன பிறகுதான் அவர்களுக்கு வீட்டை மாற்றிப் பார்க்கும் ஆசை வந்தது. போனில் ஒரு படத்தைக் காட்டினார்கள். சுவரெல்லாம் மரப்பலகை, ஒரு பக்கம் கருங்கல் சுவர், மஞ்சள் விளக்கு, நாற்காலி மேல் கம்பளி, நடுவில் எரிகிற நெருப்பு. மாடர்ன் லாட்ஜ் ஸ்டைல் என்று பேராம். இந்த ஊர் வெயிலுக்கு நெருப்பும் கம்பளியும் எதற்கண்ணி என்று கேட்டேன். பள்ளிக்கூடத்து டீச்சர்களோடு ஒரு தடவை ஏற்காட்டுக்குப் போய் அப்படி ஒரு வீட்டில் தங்கினார்களாம். "அன்னிக்குத்தான் மாதம்மா, யாருக்கும் ஒல வெக்காம, யாரும் எழுப்பாம தூங்கினேன். அந்தத் தூக்கம் மரத்துல இருந்துச்சா, வெளக்குல இருந்துச்சான்னு தெரியல. அதான் எல்லாத்தையும் வெச்சுப் பாக்கறேன்" என்றார்கள்.

பெயிண்டரைக் கூப்பிட்டு, லாட்ஜ் ஸ்டைலில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் தீர்த்தமலைக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் இடுப்பு உயரத்துக்குப் பச்சை ஆயில் பெயிண்ட், அதற்கு மேல் வெள்ளை. இரண்டு ரூம் கதவிலும் வட்டம் போட்டு 101, 102. கதவுக்குப் பின்னால், "அறையை விட்டு வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்தவும். காலி செய்யும் நேரம் காலை 10 மணி." இது என்ன என்று கேட்டேன். பெயிண்டர் கொஞ்சமும் அசரவில்லை. "லாட்ஜுன்னுதானே சொன்னீங்க டீச்சரம்மா? தர்மபுரி பஸ் ஸ்டாண்டாண்ட இருக்கற லாட்ஜெல்லாம் நான் அடிச்சதுதானுங்க. வேணும்னா போய்ப் பாருங்க."

அண்ணி தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். பச்சையை மட்டும் மாற்றச் சொல்லி, மரம் இழைக்கிற கடையில் கழித்துப் போட்ட பலகைகளை வாங்கிச் சுவரில் அடித்தோம். கதவு நம்பரையும் பின்னால் இருந்த எழுத்தையும் தொடவிடவில்லை. 101 அவர்களுக்கு, 102 எனக்கு. அன்றிலிருந்து சாப்பிடக் கூப்பிடும்போது, நூத்திரெண்டு, சோறு ஆறுது என்பார்கள்.

லாட்ஜ் என்றால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சாந்தி வாசலில் நின்று, ரூம் வாடகை எவ்வளவு டீச்சர் என்று கேட்டாள். "ஒனக்கு ரூம் கெடையாது சாந்தி. ஒன் வூட்டுக்காரர் கொறட்டையில மத்தவங்க காலி பண்ணிடுவாங்க" என்றார்கள் அண்ணி. ஆடு மேய்க்கிறவர்கள் போர்த்துகிற கறுப்புக் கம்பளியை வாங்கி வந்து நாற்காலி மேல் போட்டதற்கும் சாந்தி சும்மா இல்லை, எத்தனை ஆடு என்று கேட்டாள். கம்பளி முதுகில் குத்தும். அண்ணி அதில்தான் சாய்ந்து உட்காருவார்கள்.

நெருப்புக்கு ஹாலில் ஒரு மாடம் கட்டி, உள்ளே சிவப்பு பல்பு வைத்து, முன்னால் புளிய விறகை அழகாக அடுக்கினார்கள். ஒருநாள் கேஸ் தீர்ந்துபோனது. நான் அந்த விறகை எடுத்து அவர்களுக்கே வெந்நீர் போட்டுவிட்டேன். குளித்துவிட்டு வந்து மாடத்தைப் பார்த்தார்கள். "நெருப்பு நல்லாத்தான் இருந்திருக்கும், பாக்கத்தான் குடுத்து வெக்கல" என்றார்கள். அவ்வளவுதான்.

இதெல்லாம் எழுத எனக்கு வருகிறது. இனி எழுத வேண்டியதுதான் குழப்பம்.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் அண்ணி போனில் பேசுவதைக் கேட்டேன். வாடா, வந்தா படுக்க எடமா இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தார்கள். மறைக்கவில்லை. "தம்பியாச்சே மாதம்மா, கூப்புடாம இருக்க முடியல. வந்தா நீ போயிடுவியோன்னு பயமாவும் இருக்குது" என்றார்கள். நான் அரிசி களையப் போய்விட்டேன். அவர்களும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரும் வரவில்லை.

சாவுக்குத்தான் வந்தார். கொள்ளி வைத்தார், மொட்டை போட்டுக்கொண்டார், அழுதார். நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிய பிறகு பார்த்தால், அவருடைய பை 101-ல் அண்ணி கட்டில் மேல் இருந்தது.

ஹாலில் அந்தக் கம்பளி நாற்காலியில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்தார். பெங்களூரில் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லையாம். வீடு அக்காவுடையது, தம்பி தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்றார். பிறகு, "இனிமே அக்கா ரூம்லயே இருந்துக்கறேன். நீயும் இரு, யாரு வேணாங்கறா" என்றார்.

நீயும் இரு. அந்த 'உம்' எனக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. இத்தனை வருடத்தில் அண்ணி ஒருநாள்கூட என்னை இரு என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்ததில்லை.

சண்டை போடலாமா, காலில் விழலாமா, பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா, எல்லாம் ஒரே நேரத்தில் தோன்றியது. கை மட்டும் அதன் வேலையைச் செய்தது. துவைத்த துண்டு ஒன்று, பிரிக்காத சோப்பு ஒன்று எடுத்து அவர் கையில் கொடுத்தேன். விருந்தாளி வந்தால் அண்ணி அப்படித்தான் கொடுப்பார்கள். "கதவுக்குப் பின்னால எழுதியிருக்குது, படிச்சுக்குங்க" என்றேன்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு கட்டில் கிரீச்சிடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

காலையில் இட்லி வைத்தேன், சாப்பிட்டார். பையை மாட்டிக்கொண்டு ஹாலில் நின்று பலகைச் சுவரையும் மாடத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அக்கா எழுதி வெச்சதா அது என்று கேட்டார். பெயிண்டர் எழுதினது என்றேன். உண்மையும் அதுதான். தலையை ஆட்டிக்கொண்டு கிளம்பினார். கடிகாரத்தில் பத்து ஆகியிருக்கவில்லை.

நான் செய்தது சரியா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் திரும்பி வருவாரா, சட்டம் யார் பக்கம் பேசும், எனக்குத் தெரியாது. வந்தவர்களைக் கேள்வி கேட்காமல் பாய் போடச் சொன்னவர்கள் அண்ணி. அந்தக் கதவு எழுத்தை அழிக்கவிடாமல் வைத்திருந்தவர்களும் அண்ணிதான். அவர்கள் இருந்திருந்தால் தம்பியைத் தங்க வைத்திருப்பார்களா, அனுப்பியிருப்பார்களா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பதிலும் அவர்கள் குரலிலேயே கேட்கிறது.

அவர் போன பிறகு 101-க்குப் போய் விரிப்பை மாற்றினேன். ஹால் நாற்காலியில் கிடந்த கம்பளியை உதறி, மடித்து, அவர்கள் மடிக்கிற மாதிரியே கட்டிலின் கால்மாட்டில் வைத்தேன். சந்தைப் பக்கம் வாங்கிய பல்பை அன்றுதான் அங்கே மாட்டினேன். கண்ணில் குத்தவில்லை அண்ணி.

இரண்டு சாவியும் என்னிடம் இருக்கின்றன. சாயங்காலம் ஆனால் 101-ல் விளக்குப் போடுகிறேன், 102-ல் படுத்துக்கொள்கிறேன். தினமும் காலையில் பத்து மணி அடிக்கும்போது என் கதவை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். யாரும் வந்து தட்டுவதில்லை.