அம்மாக்கண்ணு திருப்பிக் கொடுத்த ஒன்பது நாள்

2024 மே 14 – ரூ. 8,500
2024 மே 22 – ரூ. 2,310
2024 ஜூன் 18 – ரூ. 8,500
2024 ஜூன் 27 – ரூ. 1,940
2024 ஜூலை 12 – ரூ. 8,500
2024 ஜூலை 21 – ரூ. 2,065

இவற்றை இரண்டிரண்டாகப் படிக்க வேண்டும். முதல் தேதி, சாப்பாட்டுச் செலவுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் அஸ்வெசும பணம் அம்மாக்கண்ணுவின் வங்கிக் கணக்கில் விழுந்த நாள். இரண்டாவது, அது அவருடைய கைக்கு வந்த நாள். இடையில் நின்றவர் சிவசாமி. இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசன் சந்தியில் கடை வைத்திருப்பவர்.

எங்கள் லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வயதான பெண்கள் பதினொரு பேரின் ஏ.டி.எம். கார்டுகள் அவருடைய கடையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. தலவாக்கலைக்குப் போய்வர பஸ் செலவு. மெஷினில் வரும் எழுத்தும் தெரியாது. தானே எடுத்துத் தருவதாக அவர் சொன்னபோது உதவி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பணம் விழும் தேதி மாதத்துக்கு மாதம் மாறும். அதை அறிவிக்கும் செய்தி பதினொரு கணக்குக்கும் அவருடைய போனுக்கே வரும்படி நம்பர் கொடுத்திருந்தார். பணம் விழுந்த பிறகும் எட்டு, ஒன்பது, சில மாதம் பத்து நாள் "இன்னும் வரல" என்பார். அந்த நாட்களில் அரிசியும் மாவும் கடனுக்குத்தான், கிலோவுக்கு நாற்பது ரூபாய் கூட்டி. கடைசியில் மாதக் கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்.

அம்மாக்கண்ணு 1956 பெப்ரவரி 9 அன்று இதே டிவிசனில் பிறந்தவர். பதினாறு வயதில் பேர் பதிந்து, 2011 வரை முப்பத்தொன்பது வருடம் கொழுந்து எடுத்தார். அதில் இருபத்தேழு வருடம் அவர் கொழுந்தை நிறுத்து எழுதிய கணக்கப்பிள்ளை நான். ஒரே நாளில் அவர் எடுத்த அதிகபட்சம் 43 கிலோ, 1989 மே 3. தராசு நிற்பதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுவார். அரைக் கிலோ பிசகாது. அவருக்கு எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும்.

தாய் இறந்தபோது அவருக்கு வயது பதினாலு, தங்கை காத்தாயிக்கு மூன்று. முதல் சம்பளத்தில் தங்கைக்குக் கம்பளிச் சட்டை வாங்கினார். வளர்த்து, 1987இல் நோட்டன் பிரிட்ஜுக்குக் கட்டிக்கொடுத்தார். அந்தக் காத்தாயிக்கு முடியவில்லை, வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று 2024 ஜூன் 20 அன்று தகவல் வந்தது. அம்மாக்கண்ணு நேரே கடைக்குப் போனார்.

"தம்பி, காசு வந்துருச்சா?"

"இன்னும் வரலக்கா. வந்தா நானே சொல்லி அனுப்ப மாட்டேனா?"

"தங்கச்சிக்கு முடியலயாம். நோட்டனுக்குப் போகணும். ஒரு ஆயிரம் கைமாத்தா குடு தம்பி."

"கையில காசு எங்கக்கா இருக்கு? அரிசி வேணும்னா அள்ளித் தாரேன்."

"அரிசியக் குடுத்தா பஸ்காரன் ஏத்துவானா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்களாம். அன்றைக்குப் பணம் கணக்கில் விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. லயத்தில் யாரிடம் கேட்பது? மற்றப் பத்துப் பேரும் அதே பணத்துக்குக் காத்திருந்தவர்கள். நான் அந்த வாரம் கண் ஆபரேஷனுக்காகக் கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தேன். 21ஆம் தேதியும் 22ஆம் தேதியும் கடைக்குப் போய்க் கேட்டார். அதே பதில். 22 மாலை காத்தாயி இறந்துபோனார். 23 ஞாயிறு காலை அம்மாக்கண்ணு முட்டையிடும் கோழிகள் இரண்டை அக்கரப்பத்தனையில் விற்று, மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். இரண்டு மணிக்கே அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 15 அன்று அவர் கடையில் பருப்பு வாங்கிக்கொண்டு நின்றபோது, சிவசாமியின் போன் விடாமல் டிங், டிங் என்று அடித்தது. "கம்பனிக்காரன் விளம்பரம்" என்று சிவசாமி போனைக் கவிழ்த்து வைத்தார். அம்மாக்கண்ணு பருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார்.

"ஐயா, இன்னைக்குத் தேதிய எழுதி வைங்க. பதினொரு தடவ அடிச்சிச்சு. டின்னுக்குள்ள பதினொரு கார்டு."

எழுதினேன். சிவசாமி பணம் கொடுத்தது ஆகஸ்ட் 24. செப்டெம்பர் 13 மறுபடியும் பதினொரு தடவை, கொடுத்தது 23. அதற்கு மேல் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை.

அக்டோபர் 8, 9 இரண்டு நாளும் பதினொரு பெண்களும் இரண்டு கூட்டமாகத் தலவாக்கலை வங்கிக்குப் போனார்கள். கூடப் போனவன் நான். அடையாள அட்டையைக் காட்டி, புதுக் கார்டு கேட்டு, போன் நம்பரையும் மாற்றினோம். கணக்கு விபரத்தையும் அச்சடித்துத் தந்தார்கள். மேலே உள்ள முதல் தேதிகள் அதிலிருந்து எடுத்தவை; கைக்கு வந்த தேதியும் தொகையும் அம்மாக்கண்ணு மனதில் எண்ணி வைத்திருந்தவை. ஜூன் 18 என்று நான் வாசித்தபோது அம்மாக்கண்ணு அழவில்லை. "காத்தாயி செத்தது?" என்று கேட்டார். 22 என்றேன். "அப்ப எனக்குக் காசு இருந்திருக்கு" என்றார்.

அக்டோபர் 15 பணம் விழுந்தது. அன்று மத்தியானமே அம்மாக்கண்ணு அதை எடுத்துக்கொண்டு வந்து சிவசாமியின் கடை வாசலில் நின்றார்.

"தம்பி, காசு வந்துருச்சா?"

"இன்னும் வரலக்கா."

"இன்னைக்குத்தான் தம்பி நீ உண்மை பேசுற. ஒன் போனுக்கு வரல." வெற்றிலைப் பையை அவிழ்த்து நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். பிறகு கீழே அடுத்த சந்திக் கடையில் போய் அரிசி வாங்கினார். மற்றப் பத்துப் பேரும் அங்கேதான் போனார்கள்.

அதோடு போதும் என்றுதான் நினைத்தேன். அம்மாக்கண்ணுவுக்குப் போதவில்லை. சிவசாமியும் அஸ்வெசும வாங்குகிறார் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. மிகவும் வறிய குடும்பம் என்று கணக்கெடுப்பில் சொல்லி, மாதம் 15,000 ரூபாய். கடையில் இரண்டு பிரீஸர் ஓடுகிறது. நவம்பர் 11 அன்று, அவருக்கு அந்தப் பணம் தரக்கூடாது என்று அஸ்வெசும அதிகாரிகளுக்கு ஆட்சேபனை மனு எழுதினேன். அம்மாக்கண்ணு கைநாட்டு வைத்தார்.

இன்னொன்றும் செய்தோம். எங்கள் லயங்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. டிவிசனுக்கு வரும் கடிதங்களையெல்லாம் தபால்காரர் சிவசாமியின் கடையில்தான் போட்டுவிட்டுப் போவார். நாற்பத்திரண்டு பேர் ஒப்பமிட்டுக் கேட்டதில், 2025 ஜனவரி 20 முதல் அவை பிள்ளைக்காம்பராவுக்கு வந்தன. தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களில் அம்மாக்கண்ணுவும் ஒருவர். தினமும் பதினொரு மணிக்கு நான் போய்ப் பெயர்களை வாசித்து, வந்த தேதியையும் கொடுத்த தேதியையும் கொப்பியில் பதிவேன்.

பெப்ரவரியில் சிவசாமியை விசாரணைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. அன்றே கொடுத்தோம். காய்ச்சல் என்று சொல்லி வேறு நாள் கேட்டார். கடைசியாக ஒரு தேதி தருவோம், கடிதம் வரும் என்று அதிகாரிகள் சொன்னார்களாம். அதன் பிறகு தினமும் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நிற்பார்.

"அக்கா, எனக்கு லெட்டர் வந்துருச்சா?"

"இன்னும் வரல தம்பி." ஒரு மாதத்துக்கு அது உண்மையாகவே இருந்தது.

பிறகு ஒருநாள் வந்தது. உறையிலிருந்த பெயரை நான் வாசித்ததும் அம்மாக்கண்ணு அதை என் கையிலிருந்து வாங்கி வெற்றிலைப் பைக்குள் வைத்தார்.

"வந்த தேதிய எழுதுங்க ஐயா. குடுத்த தேதிய நான் சொல்றப்ப எழுதுவீங்க."

"இது தப்பு, அம்மாக்கண்ணு."

"தப்புதாங்க. ஒன்பது நாளு தப்பு. பத்தாவது நாளு வச்சிருக்க மாட்டேன்."

உறையை அவர் பிரிக்கவில்லை. உள்ளே என்ன தேதி இருக்கிறதென்று இருவருக்கும் தெரியாது. நான் அவரைத் தடுக்கவில்லை. இருபத்தேழு வருடம் அவர் எடையை எழுதியவன், இதையும் எழுதினேன். சிவசாமி வந்து கேட்டபோதெல்லாம் "இன்னும் வரல தம்பி. வந்தா நானே சொல்லி அனுப்ப மாட்டேனா?" என்றார். ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே, முகம் மாறாமல்.

மார்ச் 27 வியாழன் காலை கடிதத்தைக் கொடுத்தார். சிவசாமி வாசலிலேயே நின்று பிரித்தார். விசாரணை மார்ச் 26. வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று எழுதியிருந்தது. பிறகு வந்த ஏப்ரல் மாத அஸ்வெசும பட்டியலில் அவர் பெயர் இருக்கவில்லை.

"நேத்தே முடிஞ்சிருச்சே! எப்பக்கா வந்துச்சு இது?"

"ஐயாவக் கேளு. அவரு பொய் எழுத மாட்டாரு."

சிவசாமி என் பக்கம் திரும்பினார். நான் முதலில் போன வருடத்துக் கொப்பியை விரித்தேன். ஜூன் 18, பணம் விழுந்தது. ஜூன் 22, காத்தாயி மரணம். ஜூன் 27, கைக்கு வந்தது. அவர் மூன்று வரியையும் வாசித்தார். "அடுத்ததையும் காட்டுங்க ஐயா" என்றார் அம்மாக்கண்ணு. இந்த வருடத்துக் கொப்பியில் சிவசாமியின் பெயருக்கு நேரே, கொடுத்த நாள் என்ற இடத்தில் மார்ச் 27 என்று அவர் கண்முன்னே எழுதினேன். பிறகு அதற்கு முன்னால் இருந்த தேதியில் விரலை வைத்தேன். கடிதம் வந்த நாள்: 2025 மார்ச் 18.