மூன்று தரம் கழுவும் கை

பூசைக்கு முன் டக்ளஸ் மூன்று தரம் கை கழுவுகிறார். அந்தோனியார் கோயிலின் பின்புறக் குழாயடியில், சிவப்புச் சவுக்காரம் போட்டு, மணிக்கட்டுக்கு மேல் வரை. இலங்கை மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துக் காலைக் குளிரில் அந்தத் தண்ணீர் பட்டாலே விரல் விறைத்துப்போகும். அதே விரல்களால் அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் கீபோர்ட் வாசிக்க வேண்டும். "சுத்தமான கையால தொடணுங்க, ஆண்டவரோட சாமான்" என்பார். சனங்கள் இதைப் பக்தி என்கிறார்கள். மனைவி பெற்றீசியா, "இது ஒரு வியாதி" என்கிறாள்.

ஆண்டவரின் அந்தச் சாமானுக்குள் நூற்றைம்பது தாளங்கள் இருக்கின்றன. ஒன்றையும் டக்ளஸ் தொட்டதில்லை. முன்னொரு தவக்காலத்தில் முழங்கை பட்டு, காணிக்கைப் பாட்டின் நடுவே கல்யாண மண்டபத் தாளம் ஒன்று கிளம்பிவிட்டது; காணிக்கை தூக்கிப் போனவர்கள் தங்களை அறியாமல் அதற்கேற்பக் கால் மாற்றி நடந்தார்கள். மறுநாளே தாளப் பொத்தானின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டிவிட்டார். அவருக்கு வேண்டியது ஆர்கன் ஓசை, வெள்ளைக்காரச் சாமிமார் விட்டுப்போன மெட்டு, மழைக்கால நீரோடைபோல் நீண்டு போகும் ராகம். கொட்டுக் கூடாது, கைத்தட்டுக் கூடாது. "தட்டித் தட்டிக் கும்புடுறதுக்கு இது என்ன காமன் கூத்தா?" என்று கேட்பார்.

கிழமை நாட்களில் அவருக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மேல்மாடியில் பரப்பிய கொழுந்து போதுமான அளவு வாடிவிட்டதா என்று உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. முப்பது வருடமாக ஈரத்தைக் கையால் படித்துவருகிறார். ஆள் இல்லாத நேரங்களில் கொழுந்தோடு பேசவும் செய்வார். வீட்டில் பேச முடியாத சிலவற்றை அதனிடம்தான் சொல்கிறார்.

அவற்றில் முதலாவது, அவர் பிறந்த இடம். டக்ளஸ் பிறந்த லயம், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, இப்போது கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. பிறந்த மண் மூழ்கியதற்காக அழுதவர்கள் பலர். நிம்மதியடைந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்த லயத்தில் அவருடைய தகப்பன் மாயாண்டி தப்பு என்னும் தோற்பறை அடிப்பவர். விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆட்களை எழுப்புவதும் அவர் தப்பு, பிணத்தைக் குழி வரை கொண்டுபோய் விடுவதும் அவர் தப்பு. அந்தத் தப்பில்லாமல் ஒருவரும் நிம்மதியாகச் சாக முடியாது; ஆனாலும் தப்படித்தவர் யார் வாசற்படியையும் தாண்ட முடியாது. மகனுடைய வேலை, தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக் கொடுப்பது.

டக்ளசின் ஒன்பதாம் வயதில் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவக் குடும்பமானது. அன்றைய சாமியார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தப்பை அடுப்பில் போட வேண்டும். போட்டார்கள். மகனுக்கு ஒரு பெயர் சொல்லச் சொன்னபோது, மாயாண்டிக்குத் தெரிந்த மரியாதையான பெயர் தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைத் துரையுடையதுதான். சாமியார் பெருமூச்சு விட்டு, முன்னால் பிரான்சிஸ் என்று சேர்த்துக்கொண்டார். தப்பு எரிந்த அந்த வருடம்தான் பிரான்சிஸ் டக்ளசுக்குக் கோயில் ஆர்மோனியத்தைத் தொட அனுமதி கிடைத்தது. பிறகு தண்ணீர் ஏறியது. குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. இங்கே அவர்கள் வேதக்காரர்கள், அவ்வளவுதான். பெற்றீசியாவிடம்கூட மாமனார் ஒரு காவல்காரர் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் வந்த பங்குத்தந்தை நிரஞ்சனுக்கு முப்பத்திரண்டு வயது. நல்லவர், சிக்கலே அதுதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் மெட்டு, டக்ளஸ் அண்ணே. நம்ம சனத்தோட இசை தப்பு. அத வெளிய நிப்பாட்டுனது திருச்சபை செஞ்ச பாவம். அந்தோனியார் திருவிழாவுக்குத் தப்போடதான் உள்ள வர்றோம்."

"கோயில்ல தப்பு வேணாங்க சாமி."

"ஏன் வேணாம்?"

"வழக்கம் இல்லீங்க."

"யாரு வழக்கம்? தொர வழக்கமா?"

டக்ளஸ் மனசுக்குள் கணக்குப் பார்த்தார். ஒரு சாமியார் தப்பை அடுப்பில் வைக்கச் சொன்னார். இன்னொருவர் பலிபீடத்தின் முன்னால் வைக்கச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் கீழ்ப்படிந்தால்தான் நல்ல கிறிஸ்தவன்.

பாடகர் குழுவை நடத்தும் லோஜினி டீச்சர் அட்டன் வரை போய்ப் புதுத் தப்பு வாங்கி வந்தாள். அவள் பெரிய கங்காணி வீட்டுக் கொள்ளுப்பேத்தி. அந்த வீட்டு வாசலில் தப்புக் கேட்டிருக்கிறது. அந்த வீட்டார் கை அதில் பட்டதில்லை. இப்போது அவள் அதைத் தோளில் மாட்டிப் படம் எடுத்து முகநூலில் போட்டு, நூற்றுக்கணக்கான இதயங்கள் வாங்கியிருந்தாள். "அங்கிள்தான் இன்னும் பழைய காலத்துலயே இருக்காரு" என்று குழுவே கேட்கச் சொன்னாள். அன்று மாலை டக்ளஸ் ஒரு பிடி கொழுந்தை அள்ளி, லோஜினியிடம் சொல்வதுபோல் அதனிடம் சொன்னார்: "நீ அடிச்சா அது கலை, தாயி. நா அடிச்சா மாயாண்டி மகன்."

அவர் பயந்ததற்கு வேறு காரணமும் இருந்தது. மகள் அனோஜாவுக்கு வலப்பனையில் சம்பந்தம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. வேதக்காரர்களுக்குச் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் சொல்லப்படுகிறது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் பிரசங்க நேரத்தில் பெரும்பாலும் தூங்கிவிடுகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பொன்னையா ஏற்கெனவே இரண்டு தடவை சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார்: "கொத்மலையில நீங்க எந்தப் பக்கம்?" இரண்டு தடவையும் டக்ளஸ், "எல்லாம் தண்ணிக்குள்ள போயிருச்சுங்க" என்றார். திருவிழாவுக்குப் பொன்னையா குடும்பத்தோடு வருவதாக இருந்தது.

ஜூன் மாதத்து மழையைத் திருவிழா நிறுத்தியதில்லை. அன்று காலை மூடுபனி கோயில் கதவுக்குள் நுழைந்து முதல் வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தது. இரவு முழுவதும் தப்பைப் பூ வைத்த ஈர வாளிகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். பவனிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லோஜினி அடித்துப் பார்த்தாள். நனைந்த மெத்தையைத் தட்டினாற்போல் ஒரு சத்தம்.

"என்ன பாதர் இது, செத்துப்போன மாதிரி கெடக்கு?"

துணியால் துடைத்தார்கள். வாயால் ஊதினார்கள். குழுவில் ஒருத்தி சொன்னாள்: "அயன் பண்ணிப் பாப்பமா டீச்சர்? லேசா?"

"அயன் வச்சா தோலு கருகிப் போயிரும்!"

சொன்னவர் டக்ளஸ். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதர் நிரஞ்சனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப என்ன செய்யணும் அண்ணே?"

டக்ளஸ் தப்பை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே தகரக் கூரையின் கீழ் திருவிழாச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கவாத்தில் வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிகளான மிலாறை அடுப்பிலிருந்து கொஞ்சம் இழுத்து, தனியாக ஒரு தீ மூட்டினார். தப்பின் முகத்தைத் தீக்குக் காட்டி, ரொட்டியைத் திருப்புவதுபோல் மெதுவாகச் சுற்றினார். தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இன்னும் ஈரம். திரும்பவும் சுற்றினார். பிறகு காதோரம் தூக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு.

கணீரென்றது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். நாற்பத்தைந்து வருடமாக நிறுத்தித்தான் வைத்திருந்தார். கை கேட்கவில்லை. பெரட்டுக்கு ஆட்களை எழுப்பும் அந்தப் பழைய அடி, ஒரு சுற்று முழுதாக விழுந்தது. சோற்றுப் பானையைக் கிண்டிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, எழுந்து வேலைக்குப் போகவேண்டியவள்போல் நிமிர்ந்தாள்.

மதிலோரம் பொன்னையா நின்றிருந்தார். கையில் அனோஜா சற்றுமுன் ஊற்றிக் கொடுத்த தேநீர்.

"பழகுன கை போல" என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"டீவியில பாத்ததுங்க."

பொன்னையா தலையாட்டினார். தேநீரை ஒரு மிடறும் குடிக்காமல் மதில்மேல் வைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

தப்பு லோஜினியின் கைக்குப் போயிற்று. பவனி புறப்பட்டது. அவள் நன்றாகவே அடித்தாள். சனங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பெண் அழுதாள். பாதர் நிரஞ்சன் கண்களை மூடிக்கொண்டு நடந்தார். குழாயடிக்குப் போக டக்ளசுக்கு நேரம் இல்லை. கரி படிந்த விரல்களோடு பக்கவாசலால் உள்ளே வந்தார். அங்கே, விரல் நுனியை நனைத்துச் சிலுவை போடுவதற்கென்று வைத்திருந்த தீர்த்தத் தொட்டியில், இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல் வரை அமிழ்த்தினார். எடுத்தார். மறுபடி அமிழ்த்தினார். மூன்றாம் தரம் எடுத்தபோது தண்ணீர் கறுத்திருந்தது.