ஏழு வீட்டு அரிசிப் பை

தனம் திருடவில்லை. திருடியவள் நான்.

இந்த இரண்டு வாக்கியங்களையும் அன்றைக்கே, அந்த முற்றத்திலேயே, எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரோ எவரோ... என் முகம் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் வாய் வருகிறது. பாருங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போதுகூட எனக்குத் தோதான இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்!

எண்பதுகளின் நடுப்பகுதி. கோவில்பதாகையில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஏழு வீடு, ஒரே முற்றம், ஒரே அடிபம்பு. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் ஏழு வீட்டுப் பிள்ளைகளும் மோப்பம் பிடித்துக்கொண்டு நிற்கும்.

என் கணவர் சாமுவேல் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்தார் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். அது பாதிப் பொய். வேலைக்காக நின்றார் என்பதே சரி. விடிந்ததும் ஆவடியில் ரயிலேறிப் போய் ஒரு கம்பெனி கேட்டில் நிற்பார். மேஸ்திரி வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்து "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவான். விரல் இவர் பக்கம் திரும்பினால் எங்கள் அடுப்பு எரியும். திரும்பாவிட்டால் உச்சி வெயிலில் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மற்ற வீடுகளும் இதே கதைதான். ஒருவர் மூட்டை தூக்குபவர், ஒருவர் கட்டட வேலை. தனத்தின் புருஷன் பெயிண்டர். மழைக்காலத்தில் யார் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள்? ஐப்பசி பிறந்தால் அவள் முகம் சுருங்கத் தொடங்கும்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்போம். கைப்பிடி அரிசி என்று பெயர். கடைசி வீட்டில் இட்லி சுட்டு விற்ற கிளாரா அக்கா அந்த வழக்கத்தை லைன் முழுவதற்கும் கொண்டுவந்தாள். வேதக்காரர் நாங்கள் மூன்று வீடுதான். ஆனால் பசிக்கு வேதம் ஏது என்று மற்ற நான்கு வீடும் சேர்ந்துகொண்டன.

கழுத்துக் குறுகலான ஒரு துணிப்பையை அக்கா தைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அதை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவாள். இருக்கிறவள் ஒரு பிடி அரிசியைக் கையில் மூடி, பைக்குள் விட்டுத் திறந்துவிட்டு, மறுபடி மூடிய கையாக வெளியே எடுக்க வேண்டும். இல்லாதவள் வெறுங்கையை மூடி உள்ளே விட்டு, வேண்டியதை அள்ளி, மூடிய கையாகவே எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டாள், யார் எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில் கிளாரா அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். யாரும் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை, பல் இளிக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் பையில் மிஞ்சியது கோயிலுக்கு.

எவ்வளவு பெரிய மனசு அந்த அக்காவுக்கு! அந்த மனசுக்குள்தான் நான் கை விட்டேன்.

ஏன் செய்தேன்? நானே என்னைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். அதற்கு முந்தைய வருஷம், பை வருவதற்கு முன்னால், கம்பெனியில் கரண்ட் இல்லை என்று வாரக்கணக்கில் ஆள் எடுக்கவில்லை. ஒருநாள் என் பையன் சுவரோரம் உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான். வாயெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னை ஆட்டிவிட்டது.

அதனால் என்று சொல்லட்டுமா? சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். வேண்டாம். சுண்ணாம்பு தின்ற பிள்ளை எல்லா வீட்டிலும் இருந்தது. பையில் திருடியது நான் மட்டும்தான்.

முதலில் வெறுங்கையை விட்டு வெறுங்கையை எடுத்தேன். வீட்டில் அரிசி இருந்தும் போடவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு மேஸ்திரி விரல் எந்தப் பக்கம் திரும்புமோ என்ற பயம். பிறகு ஒரு மாலை, கை உள்ளே போனது... விரல்கள் தாமாகவே மடங்கின. சத்தியமாக, தாமாகவே என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் தாமாகவே மடங்கின. அதற்கு மறுநாளும்!

அள்ளியதைச் சமைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய தகர டின் இருந்தது. அதில் போட்டு மூடினேன். சாமுவேலுக்குக்கூடத் தெரியாது. வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு டின்னைத் தூக்கிப் பார்ப்பேன். கனம் ஏற ஏற எனக்கு உறக்கம் நன்றாக வந்தது. கேட்கக் கசப்பாக இருக்கிறதா? எனக்கும்தான்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். கட்டட வேலை நின்றது, பெயிண்ட் வேலை நின்றது. பைக்குள் விடுகிற கைகளில் பாதி வெறுங்கைகள் ஆயின. ஒரு மாலை பை என் வீட்டுக்கு வந்தபோது அடித்துணி கையில் தட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓரத் தையலில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து எடுத்தேன்.

மறுநாள் அடிபம்பருகே, எங்கள் லைனில் இன்னொரு வீட்டுக்காரியான சரோஜா குரலை உயர்த்தினாள். அவள் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதவள்.

"இன்னாக்கா இது, நாம போட்டது அல்லாம் எங்க போவுது? எவளோ ரெண்டு கையால வாரிகினு கீறா. நான் சொல்றேன், இனிமே பை வாணாம். மொறத்த எட்த்துகினு வா. அவ அவ கைய தெறந்து போடட்டும்."

கிளாரா அக்கா தயங்கினாள். "வாணாம் சரோஜா. கைய தெறக்க சொன்னா அப்பால இதுக்கு அர்த்தமே இல்ல."

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போது ஒரு குரல், "சரோஜா சொல்றதும் சரிதானேக்கா... ஒரே ஒரு நாள் பாத்துடலாம்" என்றது.

அது என் குரல்.

முந்தின நாள் சாமுவேலுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டில் அரிசி வாங்கியிருந்தோம். என் கை நிறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். தனத்தின் வீட்டில் இரண்டு நாளாகப் புகை எழவில்லை என்பது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொன்னேனா? இந்தக் கேள்வியை மட்டும் நான் பாதியிலேயே நிறுத்திவிடுவேன். இன்று நிறுத்தப்போவதில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

அன்று மாலை மழை சற்று விட்டிருந்தது. முற்றத்தில் முறத்தை வைத்துவிட்டு அக்கா ஒதுங்கி நின்றாள். ஒவ்வொருத்தியாகப் போய்க் கையைத் திறந்தோம். சிலர் கையில் அரைப் பிடிகூட இல்லை, ஆனால் ஏதோ இருந்தது. நான் நிறையப் போட்டேன். தாராளமாக! முறத்தில் அது பொலபொலவென்று விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தனம் கடைசியில் வந்தாள். மூடிய கையை முறத்துக்கு மேலே நீட்டினாள். திறக்கவில்லை. அவள் விரல் மூட்டுகள் வெளுத்துப்போவதைப் பார்த்தேன்.

"தெற தனம்" என்றாள் சரோஜா.

திறந்தாள். உள்ளங்கையில் ஒன்றும் இல்லை.

"நான் எட்த்தது நெசந்தான்க்கா" என்றாள். "மழ புட்ச்சதுலர்ந்து ரெண்டு மூணு வாட்டி எட்த்தேன். அதுக்கு மின்ன இருந்தப்பல்லாம் போட்டுகினுதான் இருந்தேன். கொயந்த மேல சத்தியம்."

"ரெண்டு மூணு வாட்டி எட்த்தா பையி காலியாவுமா?" என்றாள் சரோஜா.

யாரும் வேறெதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தில் ஒரு வாய் மட்டும் திறந்திருக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது... இல்லை, இதுவும் சால்ஜாப்பு. பேச முடிந்தது, பேசவில்லை. தனம் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மாலை பை சுற்றிவந்தபோது தனம் கதவைத் திறக்கவில்லை. அதன் பிறகு பைக்காக என்றுமே திறக்கவில்லை.

சில வாரம் கழித்து நான் தண்ணீர் பிடிக்கும்போது அருகில் வந்து நின்றாள். வேறு யாரும் இல்லை. குடம் நிரம்பி வழிவதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"எஸ்தரக்கா... ஒண்ணு கேக்கட்டா? அல்லாரும் என்ன திருடின்னுதான் பாக்கறாங்க. நீயாச்சும் என்ன நம்புறியாக்கா?"

"நம்புறேன் தனம்" என்றேன்.

பொய்யில்லை. அந்த லைனில் அவளை முழுக்க முழுக்க நம்பக்கூடிய ஒரே ஆள் நான்தான்! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போதும்க்கா, நீ சொன்னியே, அது போதும்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "செல்விய அண்ணா நகர்ல ஒரு ஊட்ல கொயந்தய பாத்துக்க அனுப்பறேன்க்கா. மூணு வேள சோறு போடுவாங்களாம். நாளைக்கு காலைல வந்து இட்டுகினு போறாங்க."

அவள் மகள் செல்வி ஐந்தாம் வகுப்பு. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வருவாள். அவளைப் பார்த்துத்தான் என் பையன் எண்ணப் பழகினான்.

வீட்டுக்கு ஓடினேன். இன்றைக்கு எப்படியாவது அந்த டின்னை அவள் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், உண்மையையே சொன்னாலும் சொல்லிவிடலாம், பிள்ளை போகாமல் இருந்தால் போதும்... இப்படியெல்லாம் எண்ணிக்கொண்டு கட்டிலடியிலிருந்து டின்னை இழுத்து மூடியை நெம்பினேன்.

முறம் வைத்த நாளுக்குப் பிறகு அதை நான் திறக்கவே இல்லை. குப்பென்று நாற்றம் முகத்தில் அடித்தது. மழை ஈரம் தரை வழியாக ஏறித் தகரத்தை அரித்திருந்தது. அரிசி கட்டி கட்டியாகப் பச்சை பூத்து, நூலாம்படை கட்டி, அதற்குள் புழு நெளிந்தது. மேலாக மட்டும் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது, விரலை விட்டால் அதுவும் மாவாக உதிர்ந்தது.

அரிசியில் ஈரம் பட்டால் முறத்தில் பரப்பிக் காயவைப்பார்கள், இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் எங்கே காயவைப்பேன்? ஏழு வீட்டுக் கண்ணும் இருக்கும் முற்றத்திலா? ஒளித்து வைத்ததாலேயே கெட்டது. தனத்தின் பிள்ளை சாப்பிட்டிருக்க வேண்டிய சோறு. என் பிள்ளையும் சாப்பிடவில்லை. புழு தின்றது.

மறுநாள் காலை, செல்வி ஒரு மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு நடந்துபோனாள். எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்று, "போய்ட்டு வரேன் பெரிம்மா" என்றாள். நான் டின்னைப் புடவையால் மறைத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு கையிலும் டின் இருந்ததால் அந்தப் பிள்ளையின் கன்னத்தைக்கூடத் தொட முடியவில்லை.

ஏரியில் கொட்டினேன். கொக்குகள்கூட அதைச் சீந்தவில்லை.

பிறகு சாமுவேலுக்கு ஒரு கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்தது. லைன் வீட்டை விட்டு வந்தோம். கிளாரா அக்கா இறந்துபோனாள். அவளிடமாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கோயிலில் பாவ அறிக்கை ஜெபம் சொல்லும் ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரோடும் சேர்ந்து பொதுவாக முணுமுணுத்துவிட்டு எழுந்துவிடுவேன். பொதுவாகச் சொல்வதில்தான் எவ்வளவு வசதி!

தொண்ணூறுகளின் நடுவில் தனம் என்னைத் தேடி வந்தாள். தலை நரைத்திருந்தது. செல்விக்குத் திருவேற்காட்டில் கல்யாணம். மாப்பிள்ளை ஆட்டோ ஓட்டுகிறவர். செல்வி பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவே இல்லை என்றும், இத்தனை வருஷமும் அண்ணா நகரிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். கெட்டிமேளத்துக்குச் சற்று முன்பு, பின்வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த என்னைத் தனம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள். சம்பந்தி வீட்டாரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"இவங்கதான் எங்க எஸ்தரக்கா. ஒரு காலத்துல ஊரே என்ன திருடின்னு சொன்னப்ப, நம்புறேன்னு சொன்ன ஒரே ஆளு. இவங்க மொதல்ல போடட்டும், அப்பால மத்தவங்க."

தட்டிலிருந்து மஞ்சள் அரிசியை அள்ளி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டாள். ஒரு கைப்பிடி. எனக்கு அந்த அளவு தெரியும்.

மேளம் முழங்கியது. தாலி ஏறியது. சுற்றிலும் எல்லோர் கையும் உயர்ந்தது, எல்லோரும் போட்டார்கள். செல்வி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் கையை உயர்த்தினேன். விரல்கள் திறக்கவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. தனமும்தான்.

மூடிய கையோடு மேடையிலிருந்து இறங்கினேன். மூடிய கையோடு பஸ்ஸில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது வியர்வையில் ஊறி மஞ்சள் என் ரேகைகளிலெல்லாம் ஏறியிருந்தது. அந்த அரிசி ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றும் நான் போடவில்லை. எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.