பாதி வழியில் திரும்பிய லேப்டாப்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூசையை ஒட்டி, கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் புத்தி போன போக்கு உங்களுக்குப் புரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவன். இன்றைக்குச் சொந்தப் பட்டறை, லேத், ஆறு ஆட்கள். அறுநூறு அடி ஆழத்திலிருந்து தூக்கிப் போட்ட நீர்மூழ்கி மோட்டாரைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெரிய படிப்புப் படித்தவர்களே போன் போட்டுக் கேட்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் பொய் எதற்கு?

என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மருமகளும் பேரனும் எங்களோடு. மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். பேரன் பிறந்தபோது வேலையை விட்டாள். மூன்று வருடம் கழித்து, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவர்கள் ஒரு தேர்வு வைத்தார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, கேமரா உள்ள கம்ப்யூட்டரில், வீட்டில் தனியறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். போனில் எழுத முடியாது. ஒரே ஒரு வாய்ப்புதான். ஒரு மாதமாகப் பேரனைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூசையன்று அறந்தாங்கியிலிருந்து அவள் தம்பி வந்திருந்தார். வந்தவர் தன் பென் டிரைவை அக்காவின் லேப்டாப்பில் சொருகி, பேரனுக்குப் பாட்டுப் படங்கள் ஏற்றிக் கொடுத்தார். பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போனார்.

எங்கள் பட்டறையில் பூசை என்றால் முறையாக இருக்கும். கை படுகிற இடத்தில்தான் பொட்டு வைப்போம். மோட்டாருக்கு சுவிட்சில், ஸ்பேனருக்குப் பிடியில். சாமி முன்னால் வைத்த எதையும் மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. அன்றைக்கு மருமகளின் லேப்டாப்பையும் வாங்கி வைத்தேன். அவள் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துத்தான் கொடுத்தாள். மூடியில் யார் கை வைத்து வேலை பார்க்கிறார்கள்? நான் திறந்து, எழுத்துக் கட்டைகளின் மேல் வரிசையில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக வைத்தேன். பிறகு, பார்த்தால் முகம் சுளிப்பாளோ என்று தோன்றவே, துண்டு நுனியை நனைத்து அழுத்தித் துடைத்து மூடிவிட்டேன். சாயங்காலம் அவள் படிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மறுபூசை ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மதியம் மறுபூசை முடிந்து லேப்டாப்பைத் திறந்தாள். வழக்கமான படம் வரவில்லை. நீலமாக ஒரு திரை, அதில் இங்கிலீஷில் வரிசை வரிசையாக என்னென்னவோ. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே திரை. சிங்கப்பூரிலிருந்து மகன் வீடியோவில் பார்த்து, அதிலிருந்து வெளியே வரும் வழியைச் சொன்னான். வந்தது, உடனே திரும்பவும் அதற்குள்ளேயே போய் நின்றது. சார்ஜரைப் பிடுங்கி, பொத்தானை அரை நிமிடம் அழுத்தியும் பார்த்தாள்.

மெஷின் என்றால் எல்லாம் மெஷின்தான், கொடு பார்ப்போம் என்றேன். சின்னத் திருப்புளியால் பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரியை எடுத்து மாட்டி, புளோயரால் தூசி ஊதினேன். மூடிப் போட்டால் அதே நீலத் திரை. பட்டறையாட்கள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கைக்கு ஒரு மெஷின் மசியவில்லை என்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பென் டிரைவ் ஞாபகம் வந்தது.

மருமகள் அதற்குள் தம்பிக்குப் போன் போட்டிருந்தாள். அவரிடமும் ஒரு லேப்டாப் உண்டு. கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன், நாளைக்கு அதில் எழுதட்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் இதைச் சந்தோசமாக என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று இன்றைக்குத் தெரிகிறது, அன்றைக்குத் தெரியவில்லை. போனை வாங்கி, அவர் நம்பரை அமுக்கச் சொல்லி, எல்லார் முன்னாலும் பேசினேன்.

“கெடுக்குறதையும் கெடுத்துப்புட்டு, இப்ப தர்மம் பண்ண வாரியளோ? கண்டதையும் சொருகி எங்க வீட்டு மெஷின நாசம் பண்ணியாச்சு. ஒங்க லேப்டாப்ப நீங்களே வச்சுக்கங்க. இதச் சரி பண்ண எனக்குத் தெரியும். அதத் தூக்கிக்கிட்டு என் வாசப்படி ஏற வேணாம்.”

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு “சரிங்க மாமா” என்று ஒரே வார்த்தை. வைத்துவிட்டார்.

மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுபடி தம்பியைக் கூப்பிடவில்லை. என் பேச்சைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு கூப்பிடுவாள்? விஜயதசமிக்குக் கடை அடைப்பு, காலையில் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை திறந்ததும் நானே சரி பண்ணிக் கொண்டுவருகிறேன், பத்து மணிக்கு உன் கையில் இருக்கும் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை யாரிடமும் சொல்லாதது. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இத்தனை சம்பாதித்து வைத்திருக்கிறேன், என் வீட்டுப் பெண் எதற்கு யாரிடமோ வேலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

மறுநாள் எட்டு மணிக்கே புதுக்கோட்டை போய்விட்டேன். கீழ ராஜ வீதிப் பக்கம் இருந்த கடை பத்தரை மணிக்குத்தான் திறந்தது. முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்தான் மெக்கானிக். நான் பேட்டரி, தூசி, பென் டிரைவ் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எதையும் காதில் வாங்காமல், போட்டுப் பார்த்துவிட்டு, விரலால் கட்டைகளை வரிசையாக அமுக்கிக்கொண்டே போனது. மேல் வரிசையில் ஒன்று அமுங்கியபடியே இருந்தது, மேலே எழவில்லை. அதை நெம்பி எடுத்து, அடியில் பஞ்சை விட்டுத் துடைத்து என் முன்னால் நீட்டியது. பஞ்சு மஞ்சளாக இருந்தது.

“சந்தனங்க ஐயா. ஈரத்தோட உள்ள எறங்கிக் காஞ்சு புடிச்சிருக்கு. இந்தக் கீ அமுங்கியே கெடந்தா போட்டதும் நேரா அந்த நீல செட்டிங் தெரைக்குத்தான் போகும். வருசா வருசம் இந்த வாரத்துல நாலஞ்சு இப்படி வருங்க. அடுத்த தடவ மூடி மேல மட்டும் வைக்கச் சொல்லுங்க.”

வைத்தது யார் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். கட்டையை மாட்டிப் போட்டதும் வழக்கமான படம் வந்தது. மொத்தமே பத்து நிமிட வேலை. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தேர்வைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என்ன கோளாறாம் என்று மட்டும் கேட்டாள். “சொருகுற எடத்துலதான் ஏதோ பிரச்சினையாம்” என்றேன். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். அன்றைக்கு இரண்டு மோட்டார் சரி செய்தேன், இரண்டும் நன்றாக ஓடின.

தீபாவளி வந்தது. வருடா வருடம் அக்காவுக்குப் புடவையும் பேரனுக்கு வெடியும் கொண்டுவரும் தம்பி அந்த வருடம் வரவில்லை. பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. நான்தான் போய் வாங்கி வந்தேன். மருமகள் அதைப் பிரித்து, புடவையை எடுத்து மடியில் வைத்து மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். என் மனைவி, “என்ன இருந்தாலும் நேர்ல வந்திருக்கலாம் அந்தத் தம்பி” என்றாள். அவளுக்கும் நான் சொன்ன பொய்தானே தெரியும். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மனைவி எழுந்து போனதும் மருமகளிடம் போய் நின்றேன். சந்தனம் வைத்தது, துடைத்தது, கடையில் பஞ்சைப் பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும் மாமா. பைக்குள்ள கடைக்காரங்க பில்லு வச்சிருந்தாங்க. கீக்கு அடியில சந்தனம்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு.”

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. என் குற்றத்தை எழுதிய தாளை நானே சுமந்து வந்து அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

“ஏம்மா, அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா திட்டுவீங்க. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். இதையும் எங்கிட்ட சொல்லி என்ன மாமா ஆகப்போகுது? அவன்ட்ட சொல்லுங்க.”

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு அறந்தாங்கி போனேன். என் மகனைவிடச் சின்னவர் அவர். அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “விடுங்க மாமா. காப்பி சாப்பிடுங்க” என்றார். குடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தவர், குறையாகச் சொல்லவில்லை, ஏதோ ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார்.

“அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப, லேப்டாப்ப எடுத்துக்கிட்டு பாதி வழி வந்துட்டேன் மாமா. வண்டிய ஓரங்கட்டித்தான் பேசுனேன். அப்பறம் திரும்பிட்டேன்.”

அடுத்த வருடம் மருமகளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முன்னதைவிடச் சின்ன வேலைதான் என்று மகன் சொன்னான். அவளாக என்னிடம் எதுவும் சொன்னதில்லை. தம்பியும் இப்போதெல்லாம் வந்து போகிறார், மாமா என்று மரியாதையாகத்தான் பேசுகிறார். அன்றைக்கு எந்த இடத்தில் வண்டியைத் திருப்பினார் என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, மோட்டார் வேலையாக அந்தச் சாலையில் எத்தனை தடவை போனாலும், ஓரத்தில் நிழலாக ஓர் இடத்தைப் பார்த்துவிட்டால் இங்கேதானோ, இங்கேதானோ என்று தோன்றி, வண்டி தானாக மெதுவாகிவிடுகிறது.