கோட்டுக்கு ஒரு கை முன்னால்: திருச்சுழி ரோட்டில் அமெரிக்கன் ஃபுட்பால்

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் சிரித்தார்கள். அதனாலேயே போயாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. என் புத்தி அப்படி. திருச்சுழி ரோட்டில் ஒரு சின்னப் பெண்கள் கல்லூரியில் ஏழு பேர் ஆடும் டீம் இருக்கிறது, இந்த சீசனில் மூன்று மேட்ச் ஆடி மூன்றிலும் தோற்றிருக்கிறார்கள், கடைசி மேட்ச் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு என்று அங்கே வேலை பார்க்கும் தோழி சொல்லியிருந்தாள். மூன்று தோல்விக்குப் பிறகு நாலாவதுக்கு எந்த முகத்தோடு வருவார்கள் என்று பார்க்க ஆசை.

மாசி மாதம். மதுரை மாட்டுத்தாவணியில் 11.40க்கு பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 48 ரூபாய். அருப்புக்கோட்டையில் இருந்து டவுன் பஸ்ஸில் போனால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நான் பரோட்டா கடையில் இரண்டாவது சால்னாவுக்குக் காத்திருந்ததில் அந்த பஸ் போய்விட்டது. வயிறுதான் எனக்கு எதிரி. ஷேர் ஆட்டோவில் ஒன்பது கிலோமீட்டர், இருபது ரூபாய்.

ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் எம்.ரெட்டியபட்டிக்காரர், மாரிமுத்து. அவர் மகள் பாண்டிச்செல்வி இந்த டீமில் பந்தோடு ஓடுகிறவள். கல்லூரியில் இரண்டாம் வருடம். மேட்ச் பார்க்க அவர் வருவது இதுதான் முதல் தடவை.

“கபடியில நல்லா ஆடுற புள்ளைம்மா. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸ் வேலைக்கே போகலாம். இதுல என்ன இருக்கு, மண்டையில சட்டியக் கவுத்துக்கிட்டு உருளுறதா? இந்த சீசன்ல ஒரு மேட்சாவது ஜெயிச்சுக் காட்டுறேன், இல்லைன்னா கபடிக்கே போறேன்னு வாக்குக் குடுத்திருக்கா. இன்னைக்குத்தான் கடைசி.”

“ஜெயிச்சிட்டா?” என்றேன்.

“பாப்போம்,” என்றார். குரலில் நம்பிக்கை இல்லை.

மைதானம் கரிசல். மாசி வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. கால் சிக்கினால் கணுக்கால் போச்சு. அதனால் மேட்சுக்கு முன்னால் இரண்டு டீம் பெண்களும் வரிசையாக நின்று, கூடையில் மணல் அள்ளி வந்து வெடிப்புகளை அடைத்தார்கள். அரை மணி நேரம் சேர்ந்து வேலை செய்துவிட்டு, அடுத்த நிமிடமே ஒருத்தியை ஒருத்தி கீழே தள்ளினார்கள். உள்ளூர் டீமில் ஒன்பது பேருக்கு ஏழு ஹெல்மெட். ஆள் மாறும்போதெல்லாம் ஓரத்தில் நின்று ஹெல்மெட்டையும் கழற்றி மாட்ட வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பந்தோடு எதிராளியின் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. பந்தோடு இருப்பவளைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினால் அந்த முயற்சி முடிந்தது. கோட்டை நெருங்கிவிட்டால் மொத்தம் நாலு முயற்சி. இவ்வளவு தெரிந்தால் போதும், எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

நாலே கால் மணிக்கு ஆறுக்கு ஆறு. ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பந்து நம் பிள்ளைகளிடம். மூன்றாவது முயற்சியில் பாண்டிச்செல்வி இரண்டு பேரைத் தாண்டி ஓடினாள். மூன்றாமவள் இடுப்பைப் பிடித்துச் சாய்த்தாள். கோட்டுக்கு ஒரு கை தூரம். விழுந்துகொண்டே வலது கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள்.

கூட்டம் விசிலடித்தது. நானும் எழுந்து குதித்தேன். நடுவர் மட்டும் இல்லை என்று தலையாட்டினார்.

கபடியில் பிடிபட்டவள் கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டால் பிழைத்தாள், பிடித்தவர்கள் அவுட். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கபடி பார்த்து வளர்ந்தவர்கள். இருபது பேர் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். முன்னால் போனவர் மாரிமுத்து.

“கை கோட்டைத் தொட்டுச்சா இல்லையா? கண்ணு தெரியலையா ஒனக்கு?”

நடுவர் சின்னப் பையன், மதுரையில் இருந்து வந்தவர். முகம் வெளுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால் ஆறு புள்ளி கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருப்பார். அப்போது பாண்டிச்செல்வி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“அப்பா, அவுக சொல்றதுதான் சரி. பந்து இந்தக் கையில இருந்துச்சு,” என்று இடது கையைக் காட்டினாள். “பந்துதான் கோட்டைத் தொடணும், தொட்டது வெறுங்கை. புத்தி கெட்டுப் போய் நீட்டிட்டேன். நீங்க வெளிய போங்க, இன்னொரு தடவை இருக்கு.”

அவர் ஓரத்துக்கு வந்தார். நாலாவது முயற்சிக்கும் அவளே பந்தைக் கேட்டு வாங்கினாள். எல்லாருக்கும் தெரியும் அவள்தான் வருவாள் என்று. மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். இந்தத் தடவை இரண்டு கையாலும் பந்தைத்தான் நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. விசில். மேட்ச் டிரா. அப்படியே கவிழ்ந்து கிடந்து அழுதாள்.

அப்புறம் எழுந்து எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

“ஜெயிக்கலப்பா. சொன்ன வாக்கு தப்பிருச்சு. ஆனா நான் விடமாட்டேன், அடுத்த வருசமும் ஆடுவேன்.”

“வீட்டுக்கு வா, பேசிக்கிறலாம்,” என்று மட்டும் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பியும் இரண்டு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லூரிக்குப் பக்கத்தில் கடை கிடையாது. ஓரத்தில் முழுக்கச் சீமைக் கருவேலம், ரப்பர் செருப்பில் போனால் முள் ஏறும். எனக்கு ஏறியது. அருப்புக்கோட்டைக்குத் திரும்ப 5.20க்கு ஒரு பஸ். அதைத் தவறவிட்டால் ஷேர் ஆட்டோதான். போக வர, சாப்பாடு சேர்த்து எனக்கு 230 ரூபாய் ஆனது. ஜெயிக்கும் டீமைப் பார்க்கத்தான் போக வேண்டும் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்த 5.20 பஸ்ஸை நானும் விட்டேன், மாரிமுத்துவும் விட்டார். ஆட்டோவில் தோள் துண்டைச் சுருட்டி இடது கக்கத்தில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டுவதும் மடக்குவதுமாக வந்தார். டிரைவர் அவருக்குப் பழக்கம் போல.

“என்னலே, புள்ளைய கபடிக்கே அனுப்பிற வேண்டியதுதான?”

மாரிமுத்து துண்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டிப் பார்த்தார்.

“பிடிபட்டா வெறுங்கைய நீட்டுன்னு அவளுக்குச் சின்னதுலயே பழக்குனது நான்தாம்லே. இன்னைக்கு ஜெயிக்க விடாமப் பண்ணுனது அந்தக் கைதான். அதை மறக்கடிக்க ஒரு வருசமாவது ஆகும். ஆடட்டும்.”