நீதிபதிக்கு ஒரு பெட்டிசம்

போன கிழமை பல் பிடுங்கவென்று இங்கே கனடாவில், கோட்-டெ-நெய்ஜ் தெருவில் ஒரு கிளினிக்கில் காத்திருந்தேன். சுவரில் அமெரிக்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கோ சேர்க்கிட் கோர்ட் தடை போட்டுவிட்டதாம், இனிச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகுமாம். மற்றவர்கள் ஹொக்கி ஆட்டம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. இந்த வயதிலும் அந்தச் சொற்களைக் கேட்டால் இப்படித்தான். சிரிக்காதீர்கள், காரணம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் இதே தெருவில் ஓர் அறையில் தனியாக இருந்தேன். பகலில் ஆசுபத்திரியில் நிலம் துடைக்கிற வேலை. என்னிடம் வரும் வழியில் என் கணவர் நியூயோர்க் விமான நிலையத்தில் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருந்தார். கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால் இறங்கின இடத்திலேயே ஆமி கொண்டுபோய்விடும். அவருடைய தம்பியை அப்படித்தான் கொண்டுபோனார்கள். பிறகு ஆளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கீழ் வீட்டில் தருமலிங்கம் அண்ணை இருந்தார். திருகோணமலையில் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர், இங்கிலீசில் புலி. அமெரிக்காவில் எங்கள் வழக்கைப் பேசிய லோயர் பெண் தொலைபேசியில் சொல்வதையெல்லாம் அவர்தான் எனக்குத் தமிழில் சொல்லுவார்.

"பிள்ளை, இவ்வளவு நாளும் விசாரிச்சது உண்மையான கோர்ட் இல்லையாம். குடிவரவு நீதவான் எண்டவர் அரசாங்கத்தின்ரை ஆள்தானாம். மேலை அப்பீல் கேட்டவையும் அதே திணைக்களமாம்."

"அப்ப ரெண்டு தரமும் தோத்தது?"

"வீட்டுக்காரனைப் பற்றி வீட்டுக்காரனிட்டையே முறைப்பாடு வைச்சிருக்கிறம்."

இனித்தான் உண்மையான ஃபெடரல் கோர்ட். முதலில் மாவட்ட நீதிபதி. அவரை நியமிப்பது ஜனாதிபதிதான், ஆனால் பிடிக்கவில்லையென்று விலக்க ஜனாதிபதியாலும் முடியாதாம். அங்கே தோற்றால் அப்பீலுக்குச் சேர்க்கிட், அதற்கும் மேலே சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது பேர். சேர்க்கிட் என்றதும் எனக்கு ஊரில் அதிகாரிகள் வந்து தங்குகிற சேர்க்கிட் பங்களாதான் ஞாபகம் வந்தது. அதுவும் பெரிய பிழையில்லை என்றார் அண்ணை. ஆதியில் அந்த மேல் நீதிபதிகளே குதிரையில் ஊரூராகப் போய் வழக்குக் கேட்டார்களாம். களைத்து, முறையிட்டு, கடைசியில்தான் அப்பீலுக்கென்று நடுவில் தனிக் கோர்ட் வந்ததாம். அதற்கு இன்னும் நூறு வருடம்கூட ஆகவில்லை என்றார். நிலம் துடைக்கும்போது, பனிக்குள் குதிரையில் ஒரு கிழவர் இவரை விடுவிக்க வருவதாக நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் பயம் குறையும்.

நாங்கள் அதிகாரிகளுக்குப் பெட்டிசம் எழுதியே வளர்ந்த சனம். தண்ணீர்க் குழாய்க்கும் பெட்டிசம், வாத்தியார் இடமாற்றத்துக்கும் பெட்டிசம். மேலே உள்ள எல்லோருக்கும் நகல் போட்டால்தான் கீழே இருக்கிறவர் அசைவார். லோயரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் அண்ணையிடம் போனேன். அவர் தட்டச்சு யந்திரத்தைத் துடைத்து, நீலக் கார்பன் தாள்களை அடுக்கினார். நான் அழுது அழுது சொன்னேன். "இவர் அமெரிக்காவிலை இருக்க வரேல்லை ஐயா. என்னட்டை வரத்தான் வந்தவர். விட்டுவிடுங்கோ." மூலக் கடிதம் மாவட்ட நீதிபதிக்கு, சேர்க்கிட்டுக்கு ஒரு நகல், அந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு நகல். தபாலில் போட்டுவிட்டு ஏதோ சாதித்தவள் மாதிரி வேலைக்குப் போனேன்.

இரண்டு கிழமையில் கோர்ட் முத்திரையோடு கடிதம் வந்தது. திறக்கப் பயந்து அதை அரிசி வாளிக்குள் வைத்துவிட்டேன். மறுநாள் அண்ணைதான் எடுத்துப் பிரித்தார். வெளியாட்களின் கடிதத்தை நீதிபதி தனியாக வாசிக்கமாட்டாராம். ஆகையால் இரண்டு பக்க லோயர்மாருக்கும் அனுப்பியிருக்கிறதாம்.

"ரெண்டு பக்கத்துக்குமோ?" என்றேன். அண்ணை கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார்.

அன்றே லோயர் கூப்பிட்டாள். இவருக்கு அமெரிக்காவில்தான் தஞ்சம் வேண்டும் என்று அவள் மாதக்கணக்காக வாதாடிக்கொண்டிருந்தாள். அது தேவையில்லை என்று இவருடைய மனைவியே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். என் புருஷனை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வழக்கு நாள் வரும்வரை சோறு இறங்கவில்லை. தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

வழக்கன்று அண்ணைதான் தொலைபேசியை எடுத்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயந்தபடியே அரசாங்க லோயர் என் கடிதத்தை உரத்து வாசித்தாராம். நீதிபதி கேட்டாராம், "அப்படியானால் இவரைக் கனடா எல்லைக்கு அனுப்ப உங்களுக்கு என்ன தடை?" இரண்டு பக்கமும் வெளியே போய்ப் பேசி இணங்கிவிட்டார்களாம்.

"பிள்ளை, ஆள் வாறார்."

நான் போய் உலை வைத்தேன். அதே கடிதத்தை வைத்து வேறொரு நீதிபதி கொழும்புக்கே அனுப்பியிருப்பார் என்று லோயர் பிறகு சொன்னாள். அந்த வேறொரு நீதிபதியை நினைத்துத்தான் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அண்ணையோ, ஒன்பது நகலும்தான் வேலை செய்தது என்று சாகும்வரை சாதித்தார்.

"பயப்படாதீர்கள், மதாம், வலிக்காது" என்று கிளினிக்கில் தாதி பிரெஞ்சில் சொல்லிக் கையைப் பிடித்தாள். பல்லுக்குத்தான் பயம் என்று அவள் நினைத்ததை நான் திருத்தவில்லை.

என் கணவர் காலமாகி மூன்று வருடமாகிறது. அன்றைக்கு எல்லையில் போய் நின்று தஞ்சம் கேட்டால் கனடா உள்ளே எடுத்தது. இப்போது அமெரிக்கப் பக்கமிருந்து வருகிறவர்களில் அநேகம் பேரை அங்கேயே திருப்பிவிடுகிறார்கள். இன்றைக்கு எங்கேயோ ஒருத்தி அப்படியொரு கடிதம் எழுதி, ஒரு நீதிபதியும் அதே கேள்வியைக் கேட்டால், அரசாங்க லோயரிடம் பதில் இருக்கும்: கனடா எடுக்காது.